பத்துப் பவுன் அரைஞாண்

இருளப்பனுக்கு விதை தீர்ந்துவிட்டால், வெறும் விதை உறையை மடித்து மரக்கறிச் சாக்கின் வாயில் செருகிக் கண்டியிலிருக்கும் தங்கைக்கு அனுப்புவான். உறையில் முட்டைக்கோவாப் படம் இருந்தால் கோவா விதை, அதுவும் அதே ரகம். விளக்குச் சிமினி உடைந்தால் அதன் கழுத்துத் துண்டு வரும். சட்டைப் பொத்தான் வேண்டுமென்றால் ஒற்றைப் பொத்தான் ஒன்று நூலில் கோத்து வரும். வந்தது போலவே இன்னொன்று அனுப்பு என்பது அதன் பொருள். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் தனக்கு எதுவும் கிடைக்காமல் போனதாக அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சாக்குகள் வந்து இறங்குவது கண்டிச் சந்தையில் முஹ்ஸின் முதலாளியின் மொத்தக் கடையில். கடையின் பின்பக்கம், வெங்காயத் தோல் பறக்கும் மூலையில், இருளப்பனின் தங்கை பரிமளம் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்தாள். அவளுக்கு மஹய்யாவில் வீடு. கணவன் தனபாலன் மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கிறவன். ஒரே மகள்.

மலையில் மரக்கறி பயிரிடும் ஒவ்வொருவருடைய சாக்கிலும் ஒவ்வொரு சாய அடையாளம் இருக்கும். ஒருவனுக்குச் சிவப்புக் கோடு, ஒருவனுக்குப் பச்சைச் சிலுவை. இருளப்பனுடையது நீல வட்டம், நடுவில் ஒரு புள்ளி. மாட்டுக்கண் போலிருக்கிறது என்று பரிமளம் சொல்வாள். கிழிசலைத் தைத்து, பத்துப் பத்தாகச் சுருட்டிக் கட்டி வைத்தால், செவ்வாயும் வெள்ளியும் வீரய்யாவின் லொறி அவற்றைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். மாட்டுக்கண் கட்டின் ஆக உள்ளே இருக்கும் சாக்கில் அவள் ஒரு கடிதம் வைப்பாள்.

அண்ணனும் தங்கையும் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லய வரிசையில் பிறந்தவர்கள். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அவள் போனாள். அவன் பதினொரு வயதிலேயே பெயர் பதிந்து புல்வெட்டப் போய்விட்டான். எழுபத்து நான்கில் தோட்டத்தில் ஜனங்கள் மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் கிடந்தபோது, சீதாவைக் கட்டிய கையோடு அவன் லயத்தை விட்டு வெளியேறினான். ஹேவாஹெட்டப் பாதையில் கிரிபண்டா என்ற சிங்களவரின் காணியில், விளைச்சலில் பாதி என்ற பேச்சில், மரக்கறி போடத் தொடங்கினான். தேயிலையைத் தவிர வேறொன்றையும் தொட்டறியாத கை. முதல் வருஷக் கோவாவைப் புழு தின்றுவிட்டது. தின்றது போக மிச்சத்தை அவன் வெட்கத்தோடு கண்டிக்கு அனுப்பினான்.

அன்றைக்குத்தான் பரிமளம் முதல் கடிதம் எழுதினாள்.

“புழுக்களுக்குச் சத்திரம் கட்டிச் சோறு போடும் வள்ளல் இருளப்பனார் அவர்களுக்கு, மஹய்யாவத் தங்கை எழுதிக்கொண்டது. அனுப்பிய கோவா கிடைத்தது. பாதியைப் புழு தின்றிருந்தது. மீதியைத் தின்ன அதற்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.”

மலையிலே லொறி நிற்கும் சந்தியில் ஒரு தராசு உண்டு, ஒரு தேத்தண்ணிக் கடை உண்டு. சுற்றுவட்டாரத்துப் பயிர்க்காரர்கள், தமிழரும் சிங்களவரும், மூட்டையோடு அங்கே காத்திருப்பார்கள். இருளப்பன் கட்டை அவிழ்த்து, கடிதத்தை எடுத்து, வீரய்யாவிடம் நீட்டினான். வீரய்யா இளமையில் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர். ஐம்பது வயதிலும் அந்தக் குரல் அவரிடம் இருந்தது. லொறியின் மிதிபலகையில் ஏறி நின்று, புழு தின்ற கோவாவைப் பற்றி ரதி அழுவது போல வாசித்தார். சந்தியே சிரித்தது. தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்றவனிடம் கேட்டுக்கொண்டு இரண்டாம் தடவை சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் இருளப்பன்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எழுத்துக் கற்றுக்கொள்ளேன் என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“நானே படிச்சிக்கிட்டா, கூட யாரு புள்ள சிரிக்கிறது?” என்று கேட்டான்.

சீதாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போயிற்று, ஒன்று ஏழாம் மாதத்தில். ஊரில் யாராவது விசாரித்தால் இருளப்பன், “எனக்கு ரெண்டாயிரம் புள்ளைங்க, எல்லாம் பாத்தியில வரிசையா நிக்குது” என்பான். பேச்சு அதோடு முடிந்துவிடும். அவனாக எடுத்துக் கொடுத்ததைப் பரிமளம் பிடித்துக்கொண்டாள். அடுத்த பொங்கலுக்கு அவளுடைய வாழ்த்து, “இரண்டாயிரம் பிள்ளை பெற்ற தகப்பனாருக்கு” என்று ஆரம்பித்தது. “உங்கள் பிள்ளைகளில் நாற்பது பேரை நேற்று முஹ்ஸின் முதலாளி விற்றுவிட்டார். பெற்ற மனம் பதறும் என்று தெரியும். இருந்தாலும் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறார்கள், அரசாங்கக் கச்சேரி எழுத்தர் வீட்டுக் குழம்புக்கு.” எழுதி அனுப்பிய பிறகு, சீதாவின் மனம் நோகுமோ என்று இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்த சாக்கில் சீதா தனியாக ஒரு பூசணிக்காய் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் பிள்ளைகளின் சுகத்தை விசாரித்து அவள் எழுதினாள். இலைப்புள்ளி நோய் வந்த வருஷத்தில், “பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன், வேப்பிலை கட்டவும்” என்று எழுதினாள்.

எழுபத்தேழில் தமிழருக்கு எதிராக ஒரு கலவரம் வந்து போனது. மஹய்யாவில் சில நாள் கதவைத் திறக்காமல் இருந்தார்கள். மலைச் சந்தியில் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே ஒன்றும் நடக்காது என்று அண்ணன் உறுதியாக நம்பினான். கிரிபண்டாவோடு ஒரே சுருட்டை மாறி மாறிப் பிடிக்கிறவன் அவன்.

எண்பத்து மூன்று, வைகாசியில், சீதாவுக்குப் பெண் பிறந்தது. தங்கியது.

முப்பதாம் நாள் சடங்குக்கு அத்தைக்காரி போக வேண்டும். அரைஞாண் கட்டுவதும், காதில் பெயர் சொல்வதும் அவளுடைய உரிமை. பரிமளம் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன வெள்ளி மணி கோத்து வைத்திருந்தாள். புறப்பட நான்கு நாள் இருக்கையில் அவளுடைய மகளுக்கு அம்மை போட்டது. அம்மை போட்ட வீட்டிலிருந்து பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு நூல்கூட அனுப்பக் கூடாது. அவள் கடைக்கும் போகவில்லை. மகளுக்கு அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் போனாள். அப்போதும் வீட்டுக் காகிதத்தைத் தொடாமல், முஹ்ஸின் முதலாளியிடம் ஒரு பற்றுச்சீட்டுத் தாளைக் கேட்டு வாங்கினாள்.

“என்னத்தப் புள்ள எழுதப் போறீங்க? ஒங்கட நானா வாப்பாவாகிட்டார். இனியும் கோவாக் கதையா?” என்றார் அவர்.

வெறுங்கையோடு இருக்கிற அத்தைக்குச் சொல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது? அவள் வாழ்நாளிலேயே நீளமான கடிதம் அதுதான்.

“கண்டி மாநகரம், மஹய்யாவ அரண்மனையிலிருந்து, இரண்டாயிரத்து ஓராவது பிள்ளைக்குத் தகப்பனான என் அண்ணன் அவர்களுக்கு. முதல் இரண்டாயிரத்தையும் விற்றது போல இதை விற்றுவிட வேண்டாம். பெண்ணுக்கு இராஜகுமாரி என்று பெயர் வைக்கிறேன். இராஜகுமாரிக்கு அத்தை அனுப்பும் சீர்வரிசை: பத்துப் பவுனில் தங்க அரைஞாண் ஒன்று. வெள்ளித் தொட்டில் ஒன்று. காவலுக்கு யானை ஒன்று. யானைக்கு இப்போது வேலை இருப்பதால் பெரஹரா ஊர்வலம் முடிந்ததும் அனுப்பப்படும். அரைஞாண் மட்டும் முன்கூட்டி வந்து சேரும். தகப்பனார் அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கோவாப் பாத்தியில் புதைத்து வைக்கவும். கோவாவைத் தவிர வேறு யாரையும் நம்ப வேண்டாம்.”

வீரய்யா அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசிக்க வேண்டியதாயிற்று என்று சொன்னார். யானை வரும் இடத்தில் தேத்தண்ணிக் கடைக்காரன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தானாம். பிள்ளைக்கு அதே பெயரையே பதிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சந்தியில் எவனாவது, “இருளப்பா, பத்துப் பவுன் வந்திருச்சா?” என்று கேட்டால், அவன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “பொட்டியில இருக்கு. சாவி பாத்தியில” என்பானாம். இதையெல்லாம் வீரய்யா சொல்லச் சொல்லப் பரிமளம் சாக்கூசியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். ஆடி பிறந்ததும் போய்ப் பிள்ளையைப் பார்த்து, கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டு வரலாம் என்று இருந்தாள்.

ஆடி பிறந்த இரண்டாம் வாரம் நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன.

மஹய்யாவிலிருந்து பார்த்தால் புகை நேராக எழும்பிப் பிறகு ஏரிப் பக்கமாகச் சாய்வது தெரிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோவிலிலும் பள்ளிக்கூடத்திலும் கூடினார்கள். தனபாலன் குழாய் திருகும் இரும்புச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அதால் என்ன செய்யப்போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். முஹ்ஸின் முதலாளியின் கடைக்குச் சேதமில்லை. இரண்டு கதவு தள்ளி இருந்த தமிழரின் கடையில் சுவர்தான் நின்றது. கடை திறந்த அன்று பரிமளம் போய் மூலையில் உட்கார்ந்தாள். தைக்கச் சாக்கு இல்லை. மலையிலிருந்து ஒரு லொறியும் வரவில்லை.

பதினோராம் நாள் வீரய்யா வந்தார். அவள் எழுந்து நிற்பதற்குள், “உசுரோட இருக்கான் தாயி. சீதாவும் புள்ளையும் சொகம்” என்று சொல்லிவிட்டார். மற்றதை எல்லாம் அவள் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆட்கள் வந்தார்கள். வீட்டைக் கொளுத்தினார்கள். கிரிபண்டா தாயையும் பிள்ளையையும் தன்னுடைய உரக்கொட்டிலில் மூட்டைகளுக்குப் பின்னால் இருத்திக் காப்பாற்றினார். இருளப்பனுக்குக் கொஞ்சம் அடி. சிங்கள வைத்தியர் ஒருவர் எண்ணெய் போட்டுப் பார்க்கிறார். கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. இப்போது கிரிபண்டாவின் கொட்டிலிலேயே இருக்கிறார்கள். பிறகு வீரய்யா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவள் உடனே போக நின்றாள். தனபாலன் விடவில்லை. பஸ்ஸில் பெயர் கேட்கிறார்கள், திருநீறு பூசியவனை இறக்குகிறார்கள் என்று நாளொரு கதை வந்துகொண்டிருந்தது. புரட்டாசியில் மாட்டுக்கண் சாக்குகள் மறுபடி வரத் தொடங்கின. உள்ளே கோவா இல்லை, கொடியில் காய்க்கிற போஞ்சி மட்டும்தான். சாக்கின் வாய் வேறொரு கையால் கட்டப்பட்டிருந்தது, பெண்பிள்ளை தலைப்பின்னலை முடிவது போல. அது சீதாவின் கை என்று புரிந்தது. அண்ணனுக்கு மனம் விட்டுப்போயிருக்கிறது என்று பரிமளம் எண்ணிக்கொண்டாள். மனத்தைத் தூக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீடு எரிந்ததைப் பற்றி எதுவும் எழுதாமல், கிரிபண்டாவின் உர மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தால் தகப்பனார் இன்னும் நான்கு அங்குலம் வளர்ந்துவிடுவார், கதவு நிலையை உயர்த்தி வைக்கச் சொல்லவும் என்று எழுதி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை வீரய்யா வந்து, மூட்டை இறக்குகிற ஆட்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவளுக்கு எதிரே வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

“இனிமே எழுத வேணாம் தாயி.”

“ஏண்ணே, சிரிக்கலையா?”

“அவனுக்குக் காது கேக்காது. ஒரு பக்கம் செத்தே போச்சு. மத்தப் பக்கம் வாய வச்சிக் கத்துனா ஏதோ கொஞ்சம்.”

அதற்கு மேல் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு மாதமாகச் சுமந்த பாரம், இறக்காமல் அவரால் முடியவில்லை. வந்தவர்கள் வீட்டைக் கொளுத்த மட்டும் வரவில்லை. பத்துப் பவுனைக் கேட்டு வந்தார்கள். அதில் ஒருவன் சந்தியில் தேத்தண்ணி குடிக்கிறவன் என்கிறார்கள். யாரென்று இருளப்பன் சொல்வதில்லை. வந்ததும் தகரப் பெட்டியை உடைத்தார்கள். பிறகு பாத்தியைக் கொத்தினார்கள். அறுக்க ஒரு வாரம் இருந்த கோவா, ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்து, அடியில் முழங்கை ஆழம் தோண்டிப் பார்த்தார்கள். அப்படி ஒன்று இல்லை, தங்கச்சி விளையாட்டுக்கு எழுதியது என்று இருளப்பன் தமிழிலும் சொன்னான், தெரிந்த சிங்களத்திலும் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல இரண்டு கன்னத்திலும் காதிலும் மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். யானையையும் வெள்ளித் தொட்டிலையும் யாரும் கேட்கவில்லை.

பரிமளத்தின் ஊசி சாக்கில் குத்தியபடி நின்றது. வீரய்யா போன பிறகு முஹ்ஸின் முதலாளி வந்து, வீட்டுக்குப் போங்க தங்கச்சி என்று மெதுவாகச் சொன்னார். அவள் அன்றைக்குத் தைக்க வேண்டியிருந்த முப்பது சாக்கையும் தைத்துவிட்டுத்தான் போனாள்.

எழுதுவதை விட்டுவிட்டாள். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அண்ணன் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு சாக்கையும் உதறிப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறான் என்று வீரய்யா சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே அடுத்த சாக்கை எடுத்தாள். வீட்டில் தனபாலன் எதையாவது பகிடியாகச் சொன்னால் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. முற்றம் கூட்டும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, அது அவளுக்குள் வீரய்யாவின் குரலில் ஓடியது. யானையை முன்னால் எழுதியிருந்தால் கேட்டவன் விளையாட்டென்று தெரிந்துகொண்டிருப்பானோ? பவுன் என்ற சொல்லுக்குப் பதில் பித்தளை என்று எழுதியிருந்தால் போதுமே. சாவியை ஏன் பாத்தியில் கொண்டுபோய்ப் புதைத்தாள்?

மார்கழி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாட்டுக்கண் சாக்கொன்றைக் கவிழ்த்தபோது போஞ்சியோடு ஒரு காகிதமும் விழுந்தது. பற்றுச்சீட்டுத் தாள். நாலாக மடித்திருந்தது. ஓரத்தில் கரி படிந்து, மண்ணும் ஈரமும் பட்டுப் பழுப்பேறியிருந்தது. பிரித்துப் பார்க்கவே தேவையில்லை. கண்டி மாநகரம், மஹய்யாவ அரண்மனை.

திருப்பி அனுப்பிவிட்டான்.

அவள் அதை யாருக்கும் காட்டவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். பிறகு அங்கிருந்து எடுத்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். எங்கே வைத்தாலும் அது இருக்கிற இடம் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஒன்பது வருஷக் கடிதங்களில் இதொன்றை மட்டும் நெருப்பிலிருந்து எடுத்து வைத்திருந்து, உன்னுடையதை நீயே வைத்துக்கொள் என்று அனுப்பியிருக்கிறான். அண்ணன் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. வாய் திறந்து திட்டாதவனுக்கு இதுதான் திட்டு.

தைப்பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை காலை, தனபாலனிடம் சொல்லாமல், அவள் வீரய்யாவின் லொறியில் ஏறினாள். காலில் விழுந்து கேட்பது, மன்னிக்காவிட்டால் அடுத்த லொறியிலேயே திரும்பிவிடுவது என்று முடிவு. முந்தானையில் கறுப்புக் கயிற்றை முடிந்திருந்தாள். நெற்றிப் பொட்டைத் துடைத்துவிட்டிருந்தாள். வழியெல்லாம் வீரய்யா மழையைப் பற்றியும் டயரைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்.

சந்தியில் முன்பிருந்த கூட்டம் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் மூட்டைகளோடு நின்றார்கள். இருளப்பன் தராசுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். இரட்டை மடிப்பில் ஒரு துவாயைக் காதை மூடித் தலையில் சுற்றியிருந்தான். சீதா இடுப்பில் பிள்ளையோடு பக்கத்தில் நின்றாள். லொறியிலிருந்து தங்கை இறங்குவதைக் கண்டு அவன் சிரிக்கவில்லை, அழவுமில்லை. நேராக வந்து, அவளைத் தாண்டி, சாக்குக் கட்டை இறக்கி அவிழ்த்து, ஒவ்வொன்றாக உதறினான். கடைசிச் சாக்கையும் உதறிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“எங்க?” என்றான்.

தன் குரலின் உயரம் தனக்குத் தெரியாததால் அது ஒரு கத்தலாக வந்தது. சந்தியில் எல்லோரும் திரும்பினார்கள்.

அவள் அழத் தொடங்கினாள். முந்தானையிலிருந்து அந்தப் பழுப்புத் தாளை எடுத்து, “திருப்பி அனுப்பிட்டியேண்ணே” என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. சீதா அவனுடைய வலது காதில் வாயை வைத்துச் சொன்னாள். அவன் புரியாமல் சீதாவைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

“வெத உறைய அனுப்புனா நீ என்னா செய்வ?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“சொல்லு. கோவா உறைய அனுப்புனா என்னா செய்வ? அழுதுகிட்டா ஏறி வருவ? அதே மாதிரி வேணும்ன்னு தெரியாதா ஒனக்கு? எத்தன வருஷமா சாக்குத் தைக்கிற?”

“அந்தக் கடுதாசியாலதானேண்ணே...” என்று அவள் தொடங்கினாள். சீதா அதை அவன் காதில் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது. தாளை அவள் கையிலிருந்து வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு தன்னால் முடிந்தவரை தணிந்த குரலில் பேசினான். அதுவும் பாதிச் சந்திக்குக் கேட்டது.

“அவனுங்ககிட்ட அது தமாஷுன்னு சொன்னேன். அடிக்க அடிக்கச் சொன்னேன். ஒருத்தனும் நம்பல. இப்ப நீ எழுதாம விட்டுட்டா என்னா ஆகும்? அதுல ஏதோ இருந்திச்சின்னுதானே அர்த்தம்? நீ எழுதணும் புள்ள. எழுதிக்கிட்டே இருந்தாத்தான் அது தமாஷு.”

வீரய்யா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு தாள் வந்தது. பரிமளம் தராசுப் பலகையில் தாளை வைத்துக் குனிந்தாள். முன்பெல்லாம் கை ஓடுகிற வேகத்துக்குச் சொற்கள் வந்து விழும். இப்போது ஒவ்வொரு சொல்லையும் பிடித்து, திருப்பி, வெளிச்சத்தில் பார்த்து, இதை யார் எப்படிக் கேட்பார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். பெட்டி என்று வந்ததை விட்டாள். சாவி, பூட்டு, வெள்ளி, ஒன்றும் வேண்டாம். போஞ்சியைப் பற்றி மட்டும் எழுதினாள். கோவாப் பிள்ளைகள் நேரே நிற்கும், போஞ்சிப் பிள்ளைகள் தகப்பனின் தோளில் ஏறிக்கொள்ளும். தகப்பனார் அசையாமல் நிற்கப் பழகவும். ஒருநாள் குளிக்காமல் நின்றாலும் கம்பென்று நினைத்து ஏறிவிடும். நான்கைந்து வரிதான்.

சீதா பிள்ளையைத் தராசுப் பலகையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதப் பிள்ளை. பரிமளம் கறுப்புக் கயிற்றை அதன் இடுப்பில் கட்டினாள். முப்பதாம் நாளுக்கு அளவெடுத்த கயிறு, முடிச்சுப் போட நுனிதான் மிஞ்சியது. வெள்ளி மணியைப் பிடித்திழுத்து வாயில் வைக்கப் பார்த்தது இராஜகுமாரி.

வீரய்யா மிதிபலகையில் ஏறினார். ரதியின் குரல் சரியாக எழும்பவில்லை. ஒருமுறை கனைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். இருளப்பன் தலைத் துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அவன் வீரய்யாவைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான், எப்போது சிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

பரிமளமும் அதே முகங்களைப் பார்த்தாள். தமிழ் முகம், சிங்கள முகம், தராசுக்காரன், கடை வாசலில் கோப்பையோடு நிற்கிறவன், மூட்டையில் சாய்ந்து பீடி பிடிக்கிறவன், பல்லுப்போன கிரிபண்டா. சிரிக்காதவன் எவனோ அவன்தான் அன்றைக்குப் பவுன் கேட்டு வந்தவன் என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு வாயாகக் கவனித்தாள்.

கம்பு வரும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் மிச்சமில்லை.

அவர்கள் சிரித்து ஓய்கிற சமயத்தில் இருளப்பன் சிரிக்கத் தொடங்கினான். தனியாக, சத்தமாக, சந்தி முழுதும் கேட்கும்படி சிரித்தான்.